குறுக்குப்பலகையும் மாமாவின் வலது காலும்

டோடாரா விரிகுடா
29 ஆகஸ்ட் 1971

அன்பு மருமகள் வெரிட்டிக்கு,

நாட்டின் தென்கோடியில் குளிரில் விறைத்துக்கொண்டிருக்கும் உனக்கு வடகோடியிலிருந்து ஒரு வரலாற்றுச் செய்தி. நம் சீமாட்டி நிமிர்ந்துவிட்டாள். இரண்டு குளிர்காலமாக நீயும் நானும் கவிழ்த்துப் போட்டுக் கட்டிய அந்தப் படகு, நேற்றுக் காலை கொட்டகைக்குள் வானம் பார்த்துப் புரண்டு படுத்தது. புரட்டியது நானும், பக்கத்து முனையில் இருக்கும் என் சிநேகிதன் ரெவியும், அவனுடைய மருமகன்களும். நான்கு பேர் போதுமாக இருந்தது என்று உன் அம்மா எழுதுவாள். நம்பாதே. ஒரு படைப்பிரிவே வந்திருந்தது. நான் குரல் கொடுத்தேன், பூமி அதிர்ந்தது, சீமாட்டி புரண்டாள். எதிர்க்கரையில் ஒரு மாடு பயந்து கன்று போட்டுவிட்டது.

இனி உள்வேலைதான். இருக்கைகள், காற்றறைகள், தரைப்பலகைகள், மேற்பூச்சு. வெளிப்பக்கம் எவனும் கட்டுவான். உள்பக்கத்தில்தான் ஒரு மனிதனின் குணம் தெரியும்.

தொடக்கமாக நடுவிலுள்ள குறுக்குப்பலகையை இன்று ஒட்டினேன். பழைய மதுக்கடையை இடித்தபோது நான் காப்பாற்றிக் கொண்டுவந்த, இப்போதெல்லாம் கிடைக்காத கவுரி மரப் பலகை ஞாபகம் இருக்கிறதா? இந்த விரிகுடாவின் ஆண்கள் அத்தனை பேரும் தலைமுறை தலைமுறையாக முழங்கை ஊன்றிப் பொய் சொன்ன பலகை. அதில் சிந்திய பீரிலேயே நம் படகை மிதக்க விடலாம். இழைத்தவுடன் தேன் நிறம் வந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே துண்டு. மற்றப் படகுகளில் மனிதர்கள் உட்காருவார்கள். இதில் அரியணை ஏறுவார்கள்.

உள்ளே முழுக்க வார்னிஷ்தான். வெள்ளைப் பெயிண்ட் என்று நீ ஏதோ சொன்னதாக நினைவு. நினைவு தவறாகத்தான் இருக்கும், என் மருமகள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

புத்தாண்டுப் பந்தயத்துக்குத் தயாராகிவிடும். விதி உனக்குத் தெரியும்: புதுப் படகின் முதல் பந்தயத்தில் அதைக் கட்டிய கை ஒன்று படகுக்குள் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அது வெறும் மிதக்கும் கட்டை. அந்தக் கை உன்னுடையது. விடுமுறைக்கு வந்து சுக்கானைப் பிடி. நான் கரையில் நாற்காலி போட்டுத் தூரக்கண்ணாடி வழியாகக் கடற்படையை நடத்துவேன். இதைப் படித்துக் காட்டியபோது உன் அம்மா சொன்னாள்: "தூரக்கண்ணாடிய எங்க வச்சேன்னு முதல்ல தேடு."

காலைப் பற்றிக் கேட்காதே. அது நலம்.

உன் மாமா,
ஆம்புரோஸ் ட்ரெகியர்
கொட்டகையின் மாமன்னர்


இன்வர்கார்கில்
30 ஆகஸ்ட் 1971

அன்புள்ள மாமாவுக்கு,

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நடுக் குறுக்குப்பலகையைத் தயவுசெய்து இன்னும் ஒட்டாதீர்கள்.

ஜூன் மாதம் நீங்கள் எனக்கு எழுதியது, "ஏணியிலிருந்து கொஞ்சம் அவசரமாக இறங்கினேன்." அம்மா இப்போதுதான் முழுக்கதையையும் எழுதியிருக்கிறாள். நீங்கள் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்திருக்கிறீர்கள். வலது முழங்காலுக்குள் ஆணி வைத்திருக்கிறார்கள். அது இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை ஒளித்ததற்கு உங்களைத் தனியாகத் திட்டுவேன், இன்று இடமில்லை.

நம் வரைபடப்படி குறுக்குப்பலகை படகின் அகலம் முழுக்கப் போகிறது. பின்னிருக்கையில் உட்காருபவர் காலை மடக்கித்தான் உட்கார முடியும். நீட்டினால் பலகையில் இடிக்கும். அதனால் மாற்றி வரைந்திருக்கிறேன். நடுவில் நீர்த்தகட்டை இறக்கும் பெட்டி இருக்கிறதே, அதிலிருந்து இடது பக்கம் வரை மட்டும் பலகை. வலது பக்கம் திறந்திருக்கும். நீங்கள் பின்னால் வலப்பக்கம் உட்கார்ந்து காலை நேராக முன்னால் நீட்டிக்கொள்ளலாம்.

நாள் முழுக்க மாவட்டத்துச் சாக்கடைகளை வரைகிறேன். ஒரு படகை வரைந்ததில் அலுவலகமே மணத்தது.

வெள்ளைப் பெயிண்ட். மறக்காதீர்கள்.

வெரிட்டி


டோடாரா விரிகுடா
7 செப்டம்பர் 1971

அன்பு மருமகளே,

நம் இருவர் கடிதங்களும் இரண்டு தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலில் சந்தித்து, தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு, அவரவர் வழியே போயிருக்கின்றன. உன் கட்டளை வந்தபோது பலகை ஒட்டி ஒன்பது நாள் ஆகிவிட்டது. அந்தச் சிவப்புப் பசை எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். உலகம் அழிந்து மலைகள் கரைந்த பிறகும் அந்தப் பலகை வெட்டவெளியில் தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஆகவே அறுக்க வேண்டும். அறுக்க மாட்டேன்.

முதல் காரணம், அதுதான் படகின் இரண்டு பக்கங்களையும் பிடித்து நிறுத்துகிறது. பாதியை எடுத்தால் சீமாட்டி முதல் அலையிலேயே பெருமூச்சு விட்டு விரிந்துவிடுவாள். இரண்டாம் காரணம், அது கவுரி. மூன்றாம் காரணம், எனக்குக் கரையில் வேலை இருக்கிறது. தூரக்கண்ணாடி கிடைத்துவிட்டது. கோழிக்கூட்டில் இருந்தது.

உன் வரைபடத்தை ரெவியிடம் காட்டினேன். மீன் வாளியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தான்.

"நல்லா வரைஞ்சிருக்கா," என்றான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நடக்காது."

"ஏன் நடக்காது?"

"பலகை போயிடும்."

"பலகை போனா என்ன, நீ உள்ள வரலாம்ல."

"நான் வரணும்னு யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல," என்று சொல்லி வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகிற போக்கில் ஒரு மீனைக்கூட வைக்கவில்லை. நட்பின் நிலை இவ்வளவுதான்.

இந்த விரிகுடாவில் நான் சுக்கான் பிடித்து ஓட்டியபோது காற்றே என்னிடம் வழி கேட்டுத்தான் வீசும். அப்படிப்பட்டவனை மூட்டை மாதிரி ஒரு மூலையில் சாய்த்து ஊர்வலம் விடப் பார்க்கிறாய். அன்புக்கு நன்றி.

உன் மாமா,
ஆம்புரோஸ்
கடற்படைத் தளபதி (கரைப் பிரிவு)


இன்வர்கார்கில்
13 செப்டம்பர் 1971

மாமாவுக்கு,

மூட்டை மாதிரி என்று யார் சொன்னது? வரைபடத்தை மறுபடி பாருங்கள். பின்னால் வலப்பக்கம் என்பது சுக்கான் பிடிப்பவர் இடம். நீங்கள் ஓட்டுவதற்காகத்தான் வரைந்தேன். இழுக்கவும் அவிழ்க்கவும் தாவி உட்காரவும் நான் இருக்கிறேன்.

படகு விரிந்துவிடும் என்பது நியாயமான பேச்சு. அதற்கும் வழி உண்டு. வலப்பக்கச் சுவரையும் அடிச்சட்டத்தையும் சேர்த்து ஒன்று, நடுப்பெட்டியையும் அடிச்சட்டத்தையும் சேர்த்து இன்னொன்று, இப்படி இரண்டு வளைந்த தாங்கிகள் போட்டால் போதும். பலகையைவிடப் பலமாக நிற்கும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் ப்ளைவுட்டில் வெட்டினால் பிளந்துவிடும். இயற்கையாக வளைந்த மரம் வேண்டும். போன வருடப் புயலில் ரெவி மாமா இடத்தில் ஒரு பொஹுதுகாவா மரம் விழுந்ததே, அதன் கிளைகளில் உங்களுக்கு வேண்டிய வளைவு எல்லாம் இருக்கும். கேளுங்கள்.

நீங்கள் அறுக்கத் தயங்குவது கவுரிக்காக இல்லை என்று நினைக்கிறேன். பலகை இருக்கும்வரை 'இடமில்லை, அதனால் ஏறவில்லை' என்று சொல்லிக்கொள்ளலாம். பலகை போய்விட்டால் ஏறிப் பார்க்க வேண்டும்.

கோபப்படுங்கள். ஆனால் அறுங்கள். நீங்கள் ஏறாத படகில் எனக்கு வேலையில்லை.

வெரிட்டி


டோடாரா விரிகுடா
10 அக்டோபர் 1971

மருமகள் வெரிட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதைப் பற்றிப் பேசுவதற்கு முன் வார்னிஷைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

உள்ளே முழுக்க உப்புத்தாள் போட்டேன். முதலில் முரடு, பிறகு நடுத்தரம், பிறகு கன்னத்தில் தேய்த்தாலும் வலிக்காத அளவு நைஸ். தூசி மட்டும் மூன்று மூட்டை வந்தது. அதில் ஒன்றை உன் அம்மா மாவு என்று நினைத்து ரொட்டி சுடப் பார்த்தாள் என்று ஊருக்குள் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் இப்போது தபால் நிலையத்தில் எனக்கு ஸ்டாம்பு விற்க மறுக்கிறாள்.

காற்றறைகளுக்கு உள்ளே, மூடுவதற்கு முன், இரண்டு தடவை பூசினேன். இனி அதை மனிதக் கண் பார்க்காது. அதனால்தான் அவ்வளவு அழகாகப் பூசினேன். மூடியைத் திருகாணி போட்டு இறுக்கியபோது மனசே இல்லை.

பிறகு இருக்கைகள். முதல் பூச்சில் பாதி டர்பன்டைன், மரம் குடிக்கட்டும் என்று. அடுத்ததில் கொஞ்சம் குறைத்து. அதற்கடுத்து சுத்த வார்னிஷ். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு தேய், துடை, பூசு. பூசும் நேரத்தில் கொட்டகைக்குள் தும்முவதும் பெருமூச்சு விடுவதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, கதவைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினேன். முடிகிற நேரம் எங்கிருந்தோ ஒரு வண்டு வந்து குறுக்குப்பலகையின் நட்டநடுவில் இறங்கியது. இறங்கியதும் தன் தவறை உணர்ந்து நடக்கத் தொடங்கியது. அந்த விரிந்த தேன் கடலில் அது போட்ட சாலையை இப்போதும் பார்க்கலாம். உங்கள் மாவட்ட அலுவலகத்தில் இதைவிட நேரான சாலை இருக்காது.

வெள்ளைப் பெயிண்ட் பற்றி ஏதோ எழுதியிருந்தாய். அந்த இடத்தில் மை கலைந்திருந்தது.

குறுக்குப்பலகை விஷயத்தில் சபை ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

ஆம்புரோஸ்


இன்வர்கார்கில்
17 அக்டோபர் 1971

மாமா,

பாதியாக அறுக்க வேண்டிய பலகையை முழுக்க வார்னிஷ் அடித்திருக்கிறீர்கள். நான்கு பக்கக் கடிதத்தில் காலைப் பற்றி ஒரு வரி இல்லை. என் கேள்விக்கும் பதில் இல்லை.

ரம்பம் பட்டதும் எழுதுங்கள். அதுவரை நானும் எழுதப்போவதில்லை. இது கோபம் இல்லை. கோபமும்தான்.

வெரிட்டி


டோடாரா விரிகுடா
14 நவம்பர் 1971

அன்பு மருமகளே,

ரம்பம் பட்டது. நடந்ததை உன் அம்மா எழுதுவதற்கு முன் நான் எழுதிவிட வேண்டும். அவள் உண்மையை எழுதிவிடுவாள்.

போன ஞாயிறு. உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். கடைசிப் பூச்சு காய்ந்துவிட்டது என்று விரல் வைத்துப் பார்த்து முடிவு செய்தேன். விரல் வைத்த இடம் காய்ந்துதான் இருந்தது. யாரும் இல்லை. நான் ஏறப்போவதில்லை, அது முடிந்த விஷயம். ஆனாலும் பின்னிருக்கையின் உயரம் சரிதானா என்று ஒரு தச்சன் பார்க்க வேண்டாமா? ஆய்வு. வேறொன்றுமில்லை.

ஒரு பழப்பெட்டியைப் போட்டு, பீரோவை வீட்டுக்குள் ஏற்றுவது மாதிரி, முதுகை முன்னால் விட்டு ஏறினேன். வலப்பக்கம் உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். அது நீ பயந்தபடி இடிக்காமல், குறுக்குப்பலகைக்கு அடியில் அழகாக, உறைக்குள் வாள் போவது மாதிரிப் போயிற்று. தொடை வரை போயிற்று. அப்புறம் நின்றது. பின்னால் இழுத்தால் முழங்கால் மடங்கினால்தான் வரும். மடங்காத முழங்காலுக்கு இதை விளக்க முடியவில்லை. எழுந்து பார்க்கலாம் என்று உந்தினேன். பின்னிருக்கையில் இருந்த வார்னிஷ் என் பேண்டை விடவில்லை. உலகின் மிகச் சிறந்த வார்னிஷ், வெரிட்டி. தயாரித்தவனுக்குப் பாராட்டு அனுப்ப வேண்டும்.

கூப்பிட்டேன். கடல்புறா ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

முதலில் ரெவி வந்தான், பின்னாலேயே கோயில் தொப்பியோடு உன் அம்மா.

"அண்ணே, உள்ள என்ன பண்றே?"

"ஆய்வு பண்றேன், ஆல்வென்."

"எவ்வளவு நேரமா?"

"ஆய்வு இன்னும் முடியல."

ரெவி சுற்றி வந்து பார்த்தான். "இழுத்தா வருவியா?"

"நான் வருவேன். பேண்ட் வராது."

"கோயிலுக்குப் போயிட்டு வந்து நான் இதெல்லாம் பாக்கணுமா," என்றாள் உன் அம்மா.

அவர்கள் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் இரண்டு கழன்றது. நான் சிரிக்கவில்லை. ஏனென்று சொல்கிறேன், இதை மட்டும் யாரிடமும் சொல்லாதே. மாட்டிக்கொண்ட பிறகு ரொம்ப நேரம் நான் யாரையும் கூப்பிடவே இல்லை. கொட்டகைக் கதவு திறந்திருந்தது. ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. காற்று தீவுப் பக்கமிருந்து வந்தது. சுக்கான் பிடி இருக்க வேண்டிய இடத்தில் என் கை தானாகப் போய் உட்கார்ந்திருந்தது. ஜூனுக்குப் பிறகு நான் ஒரு படகுக்குள் உட்காருவது அதுதான் முதல் தடவை. கொட்டகைக்குள், தரைமேல், மாட்டிக்கொண்ட நிலையில். இருந்தும் இறங்க மனம் வரவில்லை.

"எப்படித்தான் எடுக்கிறது இவனை?" என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் கையை நீட்டினேன்.

"ரெவி, அந்த ரம்பத்தை எடு."

"பெரிசா, சின்னதா?"

"எது கூரோ அது."

உன் அம்மா தன் சால்வையை விரித்து, மற்ற வார்னிஷ் மேல் தூள் விழாமல் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, என் காலை விடுவிக்க, என் கையாலேயே அந்த அரியணையை அறுத்தேன். அரை நூற்றாண்டுப் பீர் வாசனை வந்தது. ரெவி தொப்பியைக் கழற்றினான்.

பேண்டைப் பற்றிக் கேட்காதே. அதன் ஒரு பகுதி இன்னும் பின்னிருக்கையில் இருக்கிறது.

மறுநாள் ரெவி விழுந்த பொஹுதுகாவாவிலிருந்து இரண்டு கிளை வெட்டிக் கொண்டுவந்து போட்டான். நீ வரைந்த வளைவு அப்படியே. இந்த ஊர்ப் படகுக்காரர்கள் அந்தத் தாங்கிகளை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்று தெரியுமல்லவா? அவனும் விடவில்லை. "படகுக்கு நல்ல முழங்கால் ரெண்டு குடுத்துட்டேன். உனக்குத்தான் குடுக்க முடியல." இரும்பு மாதிரி மரம். உளி பட்டால் உளிக்கு வலிக்கிறது. இழைத்துப் பொருத்தி, பசை போட்டு, செம்புத் திருகாணி முடுக்கியாயிற்று. அதன் மேல் ஏறி நின்று குதிக்கலாம். ரெவி குதித்தான்.

இப்போது எழுதுவாயா?

உன் மாமா,
ஆம்புரோஸ்
(பட்டங்கள் தற்காலிகமாக நிறுத்தி வைப்பு)


இன்வர்கார்கில்
22 நவம்பர் 1971

அன்புள்ள மாமாவுக்கு,

அலுவலகத்தில் வைத்துப் படித்துவிட்டேன், அது தவறு. தலைமை வரைவாளர் எழுந்து வந்து, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். "என் மாமாவோட பேண்ட் சார்" என்றேன்.

அறுத்த துண்டை எறிந்துவிடாதீர்கள். நடுப்பெட்டியின் மேல், உங்கள் கை எட்டும் இடத்தில், அதை ஒரு கைப்பிடியாக வைக்க வேண்டும். ஏறுவதற்கு இல்லை, இறங்குவதற்கு. உட்கார்ந்திருக்கும்போது இடது கையால் அதை ஊன்றி, உடம்பை உயர்த்தி, இடது காலைத் தரையில் பதித்தால் எழுந்துவிடலாம். நான் இங்கே ஒரு நாற்காலியில் காலுக்கு மரச்சட்டம் கட்டிக்கொண்டு செய்து பார்த்தேன். இரண்டு தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை கைப்பிடியை ஒரு சாண் பின்னால் நகர்த்தினேன், எழுந்துவிட்டேன். அந்த அளவுதான் வரைபடத்தில் இருக்கிறது. முனைகளை உருட்டி விடுங்கள், ஈரக்கை வழுக்கக் கூடாது. அதனால் அதற்கு மட்டும் வார்னிஷ் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

இனி கெட்ட செய்தி. இதை எழுதுவதைத்தான் இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டேன். இங்கே ஆறு கரை உடைத்துக்கொண்டு பாதி மாவட்டம் தண்ணீரில். வடிகால்கள் எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டும். புத்தாண்டு விடுமுறை யாருக்கும் கிடையாது. ஈஸ்டருக்குத்தான் வர முடியும்.

நான் இல்லை என்றால் கட்டிய கை உங்களுடையது மட்டும்தான். நீங்கள் ஏறினால்தான் சீமாட்டிக்குப் பந்தயம். பாயை இழுக்க ஒருவர் வேண்டும். ரெவி மாமா பந்தயத்தைத் தொடங்கி வைக்கத் துப்பாக்கி சுடுபவர், வர முடியாது. அவர் மருமகன்கள் அவரவர் படகில் போவார்கள். யோசித்துப் பார்த்தால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். தபால் நிலையத்தில் வேலை. தொப்பி போடுவார்.

வெரிட்டி


டோடாரா விரிகுடா
12 டிசம்பர் 1971

அன்பு மருமகளே,

நீ வரவில்லை என்பதைப் படித்துவிட்டு, சீமாட்டியின் மேல் தார்ப்பாயைப் போர்த்தி மூடினேன். ஈஸ்டர் வரை தூங்கட்டும் என்று. இரண்டு நாள் அப்படியே இருந்தது. நான் கொட்டகைப் பக்கம் போகவில்லை. தோட்டத்தில் பூசணி நட்டேன். எவ்வளவு இறங்கிவிட்டேன் பார்.

மூன்றாம் நாள் உன் அம்மா என் சமையலறைக்கு வந்து, கேட்காமலே கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

"என்ன, பூசணியா?"

"பூசணிதான்."

"பந்தயம் யாரு போறது?"

"யாரும் போகல."

"அவ எழுதியிருக்கிறத நானும் படிச்சேன், அண்ணே."

"எனக்கு வந்த கடிதம் அது."

"என் கை வழியாத்தான வந்துது." தேநீரை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "எனக்கு நீச்சல் தெரியாது. கயிறு எது, பாய் எதுன்னு தெரியாது. தண்ணியில தலை சுத்தும்."

"அப்புறம் எப்படி?"

"அப்புறம் என்ன. எந்தப் பக்கம் உக்காரணும்னு சொல்லு, உக்கார்றேன்."

"காத்து மாறினா பக்கம் மாத்தணும்."

"மாத்துறேன்."

"நான் மாற முடியாது, ஆல்வென். நான் வலப்பக்கம்தான். காத்து எதிர்ப்பக்கம் அடிச்சா படகு என் பக்கம் சாயும். நீதான் எடை."

"நாப்பது வருசமா நீ சாயறப்ப எல்லாம் நான்தான எடை," என்றாள். "டீய குடி."

குடித்தேன். தார்ப்பாயை எடுத்தேன். கைப்பிடியை உன் அளவுக்கு ஒரு நூல்கூடப் பிசகாமல் வைத்தேன். தரைப்பலகைகளைக் கழற்றி மாட்டும்படி இறக்கினேன். என் பக்கத்துப் பலகைகளில் மட்டும் ஈர வார்னிஷ் மேல் மணல் தூவினேன், குதிகால் வழுக்காமல் இருக்க. பொஹுதுகாவாக்கள் எல்லாம் பூத்துக் கரை முழுக்கச் சிவந்து கிடக்கிறது. நேற்று சீமாட்டியைத் தண்ணீரில் இறக்கினோம். ரெவியும் மருமகன்களும் என்னைத் தூக்கித்தான் உள்ளே வைத்தார்கள். தூக்கித்தான் வெளியே எடுத்தார்கள். கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தேன், எழ முடியவில்லை. மரத்தின் குறை இல்லை.

கைப்பிடிக்கு வார்னிஷ் அடிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தியாகம்.

ஆம்புரோஸ்


டோடாரா விரிகுடா
2 ஜனவரி 1972

அன்பு மருமகள் வெரிட்டிக்கு,

நேற்று நடந்த மாபெரும் கடற்போரின் அதிகாரபூர்வ அறிக்கை பின்வருமாறு.

வானம் கர்ஜித்தது. அலைகள் தேவாலயக் கோபுரத்தை எட்டிப் பார்த்தன. கரையில் பத்தாயிரம் பேர். உன் அம்மா அறுபது பேர் என்பாள், அவள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ரெவி துப்பாக்கியைத் தூக்கிப்பிடித்து, நம் படகைப் பார்த்து, "கட்டின கை எங்க?" என்று ஊர் கேட்கக் கத்தினான். நான் கையைத் தூக்கினேன். வானத்தைப் பார்த்துச் சுட்டான்.

பந்தயத்தில் நாம் கடைசி. மற்றப் படகுகள் மரியாதை தெரிந்தவை, முன்னால் போய் வழியைச் சுத்தம் செய்து வைத்தன. தீவு வரை காற்று வலப்பக்கம். நானும் உன் அம்மாவும் தோளோடு தோள் உட்கார்ந்து, சின்ன வயதில் பள்ளி வண்டியில் போன மாதிரி போனோம். அவள் மடியில் தேநீர்க் குடுவை. ஏன் என்று கேட்டேன். "தலை சுத்தினா குடிக்க" என்றாள்.

தீவைச் சுற்றித் திரும்ப வேண்டும். முன்னால் பாறை.

"திரும்புறேன், ஆல்வென். அந்தப் பக்கம் போ."

"இரு, மூடிய போட்டுக்கறேன்."

"பாறை வருது."

"பாறை அங்கதான இருக்கு, எங்க போகப்போகுது. சூடா இருக்கு அண்ணே, கொட்டிடும்."

சீமாட்டி பாறையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள். மூடி திருகப்பட்டது. உன் அம்மா பாவாடையை அள்ளிக்கொண்டு குறுக்குப்பலகையின் மிச்சப் பாதியைத் தாண்டி இடப்பக்கம் விழுந்தாள். நான் தலையைக் குனிந்தேன், பாயின் கட்டை என் தலைக்கு மேலே போயிற்று, திரும்பினோம். பாறையில் இருந்த சிப்பிகள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியதை நான் பார்த்தேன். அவ்வளவு பக்கம்.

திரும்பும் வழி முழுக்க என் பக்கம் சாய்ந்தே வந்தோம். தண்ணீர் விளிம்பு தாண்டி வந்து மடியில் உட்கார்ந்தது. கேக் டின்னால் அள்ளி ஊற்றிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் வேகமா போகாதா இது?" என்று உன் அம்மா கேட்டாள். தண்ணீரில் தலை சுற்றும் என்று சொன்ன அதே பெண். கால் அசையவில்லை. மணல் பிடித்துக்கொண்டது. தாங்கிகள் ஒரு முனகல்கூட முனகவில்லை.

கரை சேர்ந்தபோது பரிசுப் பன்றித்தொடையைப் பாதி தின்று முடித்திருந்தார்கள். ரெவியும் மருமகன்களும் என்னைத் தூக்க இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்தார்கள்.

"கொஞ்சம் இருங்கடா," என்றேன்.

நின்றார்கள். இடது கையைக் கைப்பிடியில் ஊன்றினேன். பந்தய நேரம் முழுக்க அதைப் பிடித்து வந்ததில் கைக்கு அது பழகியிருந்தது. இடது காலைப் பதித்தேன். முதல் தடவை எழ முடியவில்லை. உன் அம்மா உதவிக்குக் கையை நீட்டி, பிறகு தானே மடக்கிக்கொண்டாள். இரண்டாம் தடவை எழுந்தேன். நின்றேன். வலது காலை விளிம்புக்கு மேலே தூக்கி வெளியே போட்டேன். இறங்கினேன். யாரும் தொடவில்லை. தண்ணீர் குளிராக இருந்தது. நடந்து கரைக்கு வந்தேன்.

இதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை. உன் அம்மாவைக் கேட்டுக்கொள்.

ஈஸ்டருக்கு வா. இடப்பக்கம் உனக்கு. வலப்பக்கம் கேட்காதே, அது என் இடம்.

உன் மாமா,
ஆம்புரோஸ் ட்ரெகியர்
சுக்கான் பிடிப்பவன்